ஜன்னல் தாத்தாவும் முப்பத்தாறு ரசிகர்களும்

மணப்பெண் அழுவதை எந்த இடத்தில் வெட்டுவது என்று கேமராக்காரர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான், அவருடைய போனில் அந்த ஒற்றை நட்சத்திரம் வந்து விழுந்தது.

படம் வெளியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. குடும்பப் படங்களை மட்டும் காட்டும் ஒரு சின்ன ஓடிடி கம்பெனி, போனால் போகிறது என்று அதை வாங்கிப் போட்டிருந்தது. படத்தின் பெயர் 'ஜன்னல் வழி வந்த தாத்தா'. ஒரு மணி நேரம், பத்து நிமிடம். இந்த ஒன்பது நாளில் ஈ, காக்கைகூட ஒரு கருத்துச் சொல்லவில்லை. இப்போது முதல் கருத்து. கேமராக்காரர் ஆசை ஆசையாகத் திறந்தார்.

"ஒரு நட்சத்திரம். பூஜ்யம் போட வழியில்லாததால் ஒன்று. கிறிஸ்துமஸ் தாத்தாவாக வருபவர் பரிசு கொடுக்க வந்தவர் மாதிரி இல்லை. டிக்கெட் எடுத்தாயா என்று கேட்க வந்தவர் மாதிரி இருக்கிறார். சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் முறைக்கிறார். முறைக்க வேண்டிய இடமோ படத்தில் ஒன்றுகூட இல்லை. தயவுசெய்து இனி இவரை நடிக்க வைக்காதீர்கள். இப்படிக்கு, நேர்மையான பார்வையாளர்."

வேறு யாருடைய படமாக இருந்தாலும் கேமராக்காரர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் தாத்தாவாக நடித்தது அவருடைய மாமனார். மாமனார் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, ஷூ மாட்டிக்கொண்டு, ஹாலில் நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் ஷூவைக் கழற்றுவார். நடுவில் சுவர்தான்.

நாலு மாதம் இதைப் பார்த்த கேமராக்காரரின் மனைவி ஒருநாள் அவரிடம் சொன்னாள். "அப்பாவுக்கு ஏதாவது வேலை குடுங்க. உங்ககிட்ட கேமரா இருக்குல்ல?"

கேமரா இருந்தது. அது கல்யாண வீடியோ எடுக்கிற கேமரா. எடுத்து முடித்த கல்யாணங்களே வெட்டி ஒட்டப்படாமல் குவிந்து கிடந்தன. ஒரு ஜோடி, வீடியோ என்னாயிற்று என்று கேட்க வரும்போது குழந்தையோடு வந்தது. ஆனாலும் பெண்டாட்டி சொல்லைத் தட்ட முடியுமா? சுட்டெரிக்கும் வெயில் காலத்தில், சொந்த வீட்டில், பஞ்சைக் கிழித்துப் பனியாகத் தூவி, கிறிஸ்துமஸ் படம் எடுத்தார். வீட்டில் புகைபோக்கி இல்லாததால் தாத்தா ஜன்னல் வழியாக வருவதாகக் கதையை மாற்றினார். கம்பியைக் கழற்றிய ஜன்னலில் மாமனாரின் மேல்பாதி உள்ளே வந்தது. கீழ்ப்பாதி வெளியிலேயே நின்றுவிட்டது. இருபது நிமிடம் இழுத்தார்கள். இன்னொரு தடவை எடுக்க யாருக்கும் தெம்பில்லாததால் படத்திலும் அதையே வைத்தார்.

இத்தனைக்கும் மாமனார் வாயைத் திறக்கவில்லை. எதைச் சொன்னாலும் "மாப்பிள்ளைக்குச் சரின்னா எனக்கும் சரி" என்பதோடு முடித்துக்கொண்டார். படம் வெளியான பிறகு ஆளே மாறிப் போனார். சுவரைப் பார்ப்பது நின்றது. சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டார், நடக்கப் போனார், எப்போது பார்த்தாலும் போனும் கையுமாக இருந்தார். மனைவிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அன்று காலையில்கூடச் சொல்லியிருந்தாள். "அப்பா மறுபடி செவத்தைப் பார்க்க ஆரம்பிச்சாருன்னா, அப்புறம் நீங்க என் மூஞ்சியைப் பார்க்க முடியாது."

ஆகவே, நேர்மையான பார்வையாளரின் கருத்து மாமனார் கண்ணில் படக்கூடாது. பட்டால் மனிதர் நொறுங்கிப் போவார். மாமனாரிடம் கேமராக்காரருக்கு உண்மையிலேயே பிரியம் உண்டு. பெண் கேட்டுப் போனபோது, 'வீடியோ எடுக்கிற பையனா' என்று சொந்தக்காரர்கள் எல்லாம் முகம் சுளிக்க, இவர் ஒருத்தர்தான் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது மாமனார் வழக்கம்போலக் கேட்டார். "யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களா மாப்பிள்ளை?"

"எழுதியிருக்காங்க மாமா. ஆனா அதெல்லாம் நம்ம போன்ல தெரியாது. படம் எடுத்தவரோட கம்ப்யூட்டர்ல மட்டும்தான் தெரியும்."

"அப்படியா" என்றார் மாமனார். ஒரு பிஸ்கட்டை எடுத்து டீக்கு மேலே பிடித்துக்கொண்டார். "என்ன எழுதியிருக்காங்க?"

கேமராக்காரர் அந்தக் கணத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். தாத்தாவின் கண்ணில் கருணை வழிகிறதாம், இப்படி ஒரு நடிப்பை இதுவரை பார்த்ததில்லையாம், ஒரு பெண்மணி எழுதியிருக்கிறாராம். மாமனாரின் முகம் சிவந்தது. கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பாவம், என்ன சந்தோஷம் என்று மாப்பிள்ளைக்கு மனம் குளிர்ந்தது.

சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும் என்று, மாடியில் இருந்த தன் வேலை அறைக்குப் போய், 'கலா ரசிகை' என்ற பெயரில் ஐந்து நட்சத்திரம் போட்டு அதையே எழுதியும் வைத்தார். ஒரு தடவை போன் நம்பரைக் கொடுத்து உள்ளே போய்விட்டால், அந்தத் தளத்தில் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் எழுதலாம், அதன்பின் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மறுநாள் மத்தியானம் நேர்மையான பார்வையாளர் திரும்ப வந்தார்.

"கலா ரசிகை அவர்களே, படத்தை எந்தக் கண்ணால் பார்த்தீர்கள்? இருபத்து மூன்றாவது நிமிடத்தில் தாத்தா ஜன்னலில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார். அது நடிப்பு இல்லை. யாராவது அந்த மனிதரை இழுத்துவிட்டிருக்கலாம். பஞ்சுத் தாடி அவருக்கு அரிக்கிறது என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது. ஒரு நட்சத்திரம்."

கேமராக்காரருக்குச் சந்தேகம் வந்தது. தாடி அரித்தது உண்மை. டிக்கெட் பரிசோதகர் என்று குறிபார்த்து அடித்ததும் உண்மை. யாரோ தெரிந்த ஆள். தெரிந்த ஆள் என்றால் வேறு யார், எதிர்க்கடை போட்டோக்காரர்தான். இரண்டு பேருக்கும் கல்யாண ஆர்டர் விஷயத்தில் ஏழாம் பொருத்தம்.

சட்டையைக்கூட மாற்றாமல் தெருவைக் கடந்து போனார். எதிர்க்கடைக்காரர் ஒரு பாஸ்போர்ட் படத்தை நாலு பக்கமும் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தொழில்ல போட்டி இருக்கலாம். ஆனா வயசான மனுஷனைப் போய் இப்படி எழுதலாமா? நேர்மையான பார்வையாளராம். மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

எதிர்க்கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நீங்க படம் எடுத்தீங்களா? என்ன படம்?"

இவருக்குத்தான் நடிப்பு வருகிறது, மாமனாருக்குப் பதில் இவரைப் போட்டிருக்கலாம் என்று நினைத்தபடி கேமராக்காரர் திரும்பி வந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. அன்று சாயங்காலமே எதிர்க்கடைக்காரர், நடந்துபோன மாமனாரை மறித்து, 'உங்களை யாரோ நேர்மையான பார்வையாளர் கண்டபடி எழுதியிருக்கிறாராமே, உங்கள் மாப்பிள்ளை வந்து என்னிடம் சண்டை போட்டாரே' என்று அக்கறையாக விசாரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த மாமனார் நாற்காலியைத் தூக்கிச் சுவருக்கு எதிரே போட்டார். ஷூவைக் கழற்றவில்லை.

சமையலறை வாசலில் நின்ற மனைவி, கையிலிருந்த கரண்டியோடு கேமராக்காரரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

"மாப்பிள்ளை" என்றார் மாமனார், சுவரைப் பார்த்தபடியே. "அந்த நேர்மையான பார்வையாளர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கலாம்ல? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"ஒருத்தன் மாமா. ஒரே ஒருத்தன். மத்தவங்க எல்லாம் உங்களைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடறாங்க."

"எல்லாரும்னா?"

"ஏகப்பட்ட பேர்."

மாமனார் பெருமூச்சு விட்டார்.

ஏகப்பட்ட பேர் என்று சொல்லியாகிவிட்டது, இனி ஏகப்பட்ட பேரை உண்டாக்க வேண்டும். கேமராக்காரர் மாடி அறையில் உட்கார்ந்து உண்டாக்கினார். மூன்று பிள்ளைகளின் தாய், ஓய்வுபெற்ற படைவீரர், பல் மருத்துவர், பனிமலர். ஒவ்வொருவரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். படைவீரர் தாத்தாவைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் வைத்தாராம். பல் மருத்துவர் தன் நோயாளிகளுக்கு வலி தெரியாமல் இருக்க இந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுகிறாராம்.

எதிரிப் படையும் சும்மா இருக்கவில்லை. 'உள்ளதைச் சொல்பவன்' வந்தார், 'பாதியில் எழுந்தவர்' வந்தார், 'இன்னொரு நேர்மையான பார்வையாளர்' வந்தார். எல்லாரும் தாத்தா மேலேயே பாய்ந்தார்கள். பல் மருத்துவரின் நோயாளிகள் மேல் தனக்கு இரக்கம் பிறக்கிறது என்று பாதியில் எழுந்தவர் எழுதினார். இந்த வயதில் அவரை வீட்டில் நிம்மதியாக உட்கார விடுங்கள் என்று உள்ளதைச் சொல்பவன் கெஞ்சினார். புதன்கிழமை முடிவதற்குள் இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் என்று ஆகிவிட்டது. மணப்பெண் இன்னும் அழுதுகொண்டேயிருந்தாள். அவளை வெட்ட யாருக்கு நேரம்?

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேமராக்காரரின் போன் அடித்தது. அவர் கை எச்சிலாக இருந்ததால் மனைவி இடது கையால் அதை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தாள். பேசியது ஓடிடி கம்பெனி மேடம்.

"சார், உங்க படத்துக்கு வந்த மாதிரி எங்களோட எந்தப் படத்துக்கும் கருத்து வந்ததில்லை. பாதிப்பேர் ஆஹாங்கறாங்க, பாதிப்பேர் ஐயோங்கறாங்க. சண்டை நடக்கிற படம்தான் சார் ஓடும். ரெண்டாம் பாகம் எடுக்கறீங்களா? அதே தாத்தாதான் வேணும்."

மாமனாருக்குப் புரையேறியது. மனைவி அவர் தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். கேமராக்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். இன்னொரு படமா? மறுபடி பஞ்சு, மறுபடி ஜன்னல், மறுபடி வெயிலில் மாமனாரை இழுப்பதா? கல்யாண ஜோடிகள் அடுத்த தடவை பேரப்பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், மாமனாரின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"மாமா விருப்பம் எப்படியோ" என்றார்.

மாமனார் தண்ணீரைக் குடித்துவிட்டு மாப்பிள்ளையையே பார்த்தார். "மாப்பிள்ளை விருப்பம் எப்படியோ" என்றார்.

"ரெண்டு பேருக்கும் கொள்ளை ஆசை மேடம்" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வாங்க."

கேமராக்காரர் அன்று மாடி அறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மாமனார் ஒரு தடவை கதவு வரை வந்து, அவர் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமலே இறங்கிப் போனார்.

பிறகுதான் கேமராக்காரருக்கு அந்த யோசனை உதித்தது. இரண்டாம் பாகம் வேண்டாம் என்று மாமனார் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. ஆனால் பார்த்தவர்கள் காறித் துப்பினால் கம்பெனியே ஓடிவிடும். பழி ஜனங்கள் தலையில் விழும், தாமும் தப்பித்துக்கொள்ளலாம். உட்கார்ந்து ஒற்றை நட்சத்திரமாகப் போட ஆரம்பித்தார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார். மாமனாரை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. திட்டெல்லாம் இயக்குநருக்கு. "தாத்தா தங்கம். அவரை இப்படி வீணடித்த இயக்குநர் கல்யாண வீடியோ எடுக்கத்தான் லாயக்கு" என்று எழுதினார். "எல்லாக் காட்சியிலும் கடிகாரம் பத்து பத்தையே காட்டுகிறது. இயக்குநருக்கு மணி பார்க்கத் தெரியாதா?" என்று எழுதினார். எழுத எழுத உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. அந்தப் படத்தின் ஓட்டை உடைசல் அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? பஞ்சு மூட்டையின் மேல் ஒட்டியிருந்த சீட்டு ஒரு காட்சியில் தெரிவதை இத்தனை நாளும் யாரும் சொல்லவில்லையே என்று அவருக்குக் குறையாகவே இருந்தது. அதையும் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆவலாகத் திறந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேர்மையான பார்வையாளர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

"மறுபடி பார்த்தேன். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். தாத்தாவாக நடித்தவருக்கு நடிப்பு வராது, அது வேறு விஷயம். ஆனால் ஒரு வயதானவரைச் சுவரிலிருந்து திருப்பி உட்கார வைப்பதற்காக, இருக்கிற வேலையையெல்லாம் போட்டுவிட்டு ஒரு மனிதன் படம் எடுத்தால் அவன் மனசு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? அந்த இயக்குநரைக் குறை சொல்கிறவர்களுக்கு என் கண்டனம்."

கேமராக்காரர் இதை இரண்டு தடவை படித்தார். சுவரைப் பற்றி இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து, எதிர்க்கடைக்காரர் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருப்பார் என்று தீர்மானித்தார். ஆனாலும் கண் ஓரம் ஈரமானது. சொந்தமாகத் தனக்குத் தானே எழுதிக்கொள்ளாத முதல் பாராட்டு. அது எதிரி கையிலிருந்தா வர வேண்டும், அதுவும் இந்த நேரம் பார்த்தா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாராட்டியவரை மறுத்து உடனே இன்னொரு ஒற்றை நட்சத்திரம் போட்டார்.

அதற்கு உள்ளதைச் சொல்பவன் பதில் சொன்னார். பாதியில் எழுந்தவர், இந்தத் தடவை கடைசி வரை உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லி ஐந்து நட்சத்திரம் போட்டார். கேமராக்காரர் இயக்குநரை ஒரு திட்டுத் திட்டினால், அவர்கள் இயக்குநரை ஒரு படி ஏற்றி வைத்தார்கள். சனிக்கிழமை முடியும்போது இவர் ஆறு, அவர்கள் ஆறு. ஆக மொத்தம் முப்பத்தாறு கருத்து. சராசரி அதே மூன்று நட்சத்திரத்தில் குந்திக்கொண்டு அசையமாட்டேன் என்றது. இவ்வளவு நாள் திட்டித் தீர்த்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் என்ன ஆயிற்று என்று கேமராக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி மேடம் லேப்டாப்பும் கையுமாக வந்து சேர்ந்தார். மனைவி புதுச் சேலை கட்டியிருந்தாள். மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். அளவுக்கு மீறிய சந்தோஷத்தில் மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று கேமராக்காரர் நினைத்துக்கொண்டார். சரி, நம் தலையெழுத்து, மாமாவுக்காக இன்னொரு வருஷம் பஞ்சு கிழிப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மேடம் ஆளுக்கொரு படிவத்தை நீட்டினார். பெயர், விலாசம், போன் நம்பர். இரண்டு பேரும் நிறுத்தி நிதானமாகப் பூர்த்தி செய்து, ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள்.

மேடம் படிவங்களைப் பார்த்து லேப்டாப்பில் எதையோ தட்டினார். தட்டுவதை நிறுத்தினார். மறுபடி படிவத்தைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். அதன்பின் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"ரெண்டாம் பாகம் வேண்டாம் சார்" என்றார்.

கேமராக்காரருக்குத் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அதை மறைத்துக்கொண்டு, முகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தொங்கப் போட்டார். மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தார். மாமனார் அதைவிடத் தொங்கப் போட்டிருந்தார். ஆனால் பலகாரத் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாயில் போட்டுக்கொண்டேயிருந்தார். துக்கத்தில் சிலருக்குப் பசி அதிகமாகும் என்று கேமராக்காரர் கேள்விப்பட்டிருந்தார்.

"போகட்டும் மாமா" என்று அவர் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"போகட்டும் மாப்பிள்ளை" என்று மாமனாரும் இவர் கையைத் தட்டிக் கொடுத்தார். "நீங்க மனசு விட்டுடாதீங்க."

மனைவிக்குத்தான் ஆறவில்லை. வாசல் வரை மேடத்தின் பின்னாலேயே போனாள்.

"இப்படிப் பாதியில விட்டா எப்படி மேடம்? முப்பத்தாறு பேர் வேலை மெனக்கெட்டு எழுதியிருக்காங்க. அதுல சரிபாதி நல்லாயிருக்குன்னுதானே சொல்றாங்க? பார்க்கிறவங்களுக்கு நாலு விதமா தோணத்தான் செய்யும்."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மேடம் நிமிர்ந்து, சோபாவில் கையோடு கை கோத்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"முப்பத்தாறு பேர் இல்லைங்க, இந்தப் படத்தைப் பத்தி எழுதினது உலகத்துலயே மொத்தம் ரெண்டு பேர்தான், பதினெட்டு உங்க வீட்டுக்காரர் நம்பர்ல இருந்து வந்திருக்கு, பதினெட்டு உங்க அப்பா நம்பர்ல இருந்து வந்திருக்கு."